இடப்பக்கத்து ஒன்பது வயல்

மச்சான்,

இன்று காலையில் உன் தலையைத் தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்தேன். பயப்படாதே. உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஆஸ்பத்திரியில் தந்த அந்தக் கறுத்த ஸ்கேன் படம் அகப்பட்டதாம். எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்து தந்தாள். முற்றத்தில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்தேன். உன் மண்டைக்குள் இவ்வளவு சாமான் இருந்ததை நீ உயிரோடு இருந்த காலத்தில் ஒருவருக்கும் காட்டிக்கொண்டதே இல்லையே.

பாண் வெட்டுவது போல ஒரே தலையை மேலிருந்து கீழே மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கிய படம். ஒரு துண்டில் மட்டும் பெரிய கறுத்த திட்டு. படத்தில் அது இடப்பக்கம் கிடக்கிறது. ஆனால் அது உன் வலப்பக்கம். எதிரே நிற்கிறவனைப் பார்ப்பது போலத்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த அந்தச் சின்ன வயது டாக்டர் பிள்ளை சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், எனக்கு உடனே விளங்கியது. உனக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். இனி நீ மறுத்துப் பேச முடியாது.

தை மாதக் கடைசியில் நடந்தது அது. கிரான் சந்தியில் நாம் இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம். நீ எழும்பினாய், உன் இடக்கால் எழும்பவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். வாய் ஒரு பக்கம் கோணியது. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "விடியக்காலையிலயே போட்டுட்டியா மச்சான்?" என்று கேட்டேன். கடைக்காரர்தான் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஓட்டோ பிடித்தார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன். அந்த ஒன்றைத் திருப்பி விழுங்க முடியுமென்றால் விழுங்கிவிடுவேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ கண்ணை விழித்து என்னை ஏசியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. "கைய எடு மச்சான், நெஞ்சில பாரமாக் கிடக்கு" என்றாய். நான் உன்னைத் தொடவே இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உன் நெஞ்சில் கிடந்தது உன்னுடைய இடக்கை. அதைச் சொன்னேன். நீ அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய்.

"என்ட கை இப்படி வடிவில்லாம இரிக்காது. இது உன்ட கைதான்."

நான் சிரித்துவிட்டேன். தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான், நீ பகிடி விடவில்லை, உண்மையாகவே சொல்கிறாய் என்று எனக்கு உறைத்தது.

அன்று பின்னேரம் டாக்டர் பிள்ளை எங்களை இருத்தி வைத்துச் சொன்னாள். மூளை இரண்டு பாதியாம். அங்கேயிருந்து இறங்குகிற நரம்புகள் பிடரிக்குள் வந்து பக்கம் மாறுமாம். அதனால் வலப்பாதி இடக்கை இடக்காலை ஆளும், இடப்பாதி சோத்துக்கைப் பக்கத்தை ஆளும். உனக்கு வலப்பாதிக்குப் போகிற இரத்தக் குழாய் ஒன்று அடைத்துப் போனது. பேச்சு பெரும்பாலும் இடப்பாதியில் இருப்பதால் உன் வாய் தப்பிவிட்டது என்றாள். அதுதான் பெரிய கவலை என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நீ படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாய். வட்டை விதானை அல்லவா, வாய்க்காலைப் பற்றிய பேச்சென்றால் உன் காது நிமிர்ந்துவிடும். எத்தனை வருஷமாக எங்கள் வட்டை வயல்வெளியில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று நீதானே முறை சொன்னாய். "அப்ப மேல வாய்க்கால் அடைச்சு, கீழ பயிர் காஞ்சிற்று. அப்படித்தானே பிள்ள?" என்று கேட்டாய்.

"ஓம் ஐயா. காஞ்சது காஞ்சதுதான், அதுக்கு மறுகா உயிர் வராது. ஆனா சுத்திவர இரிக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமா அந்த வேலையப் பழகும். நீங்க பழக்கோணும்."

நீ தலையாட்டினாய். எனக்கு அப்போதே தெரியும், நீ விடமாட்டாய் என்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கூத்து. சோற்றில் வலப்பாதியை வழித்துச் சாப்பிடுவாய், இடப்பாதி அப்படியே கிடக்கும். சாப்பாடு காணாது என்று தங்கச்சியை ஏசுவாய். முகம் வழித்தால் அரை மீசை நிற்கும். கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கண் பார்க்கிறது, மண்டைதான் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு முதுகுக்குப் பின்னால் தெரியாததை நாம் ஒரு குறையாக நினைக்கிறோமா? உனக்கு இடப்பக்கம் அப்படி ஆகிவிட்டது.

நான் என் வேலையைத் தொடங்கினேன். நீ சாப்பிடும்போது உன் இடப்பக்கம் குந்திக்கொள்வேன். உன் தட்டில் இடப்பக்கம் கிடக்கிற பொரித்த மணலை மீனை மெதுவாக எடுத்து என் வாயில் போடுவேன். நாலு நாள் நல்லாகச் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் தங்கச்சி பிடித்துவிட்டாள். "வெக்கமில்லையா அண்ணன் உங்களுக்கு?" என்று கேட்டாள். வெட்கம் இருந்தது. மீனும் நல்ல ருசியாக இருந்தது. அடுத்த கிளினிக்கில் அவள் என்னைப் பற்றி டாக்டரிடம் முறைப்பாடு சொல்ல, அந்தப் பிள்ளை நேர் எதிராகச் சொல்லிவிட்டது. இவருக்குப் பிடித்ததையெல்லாம் இடப்பக்கமே வையுங்கள், பேசுகிறவர்களும் இடப்பக்கமே இருங்கள், தேடித் திரும்பப் பழகட்டும் என்றது. அன்றிலிருந்து என் கேலிக்கு ஆஸ்பத்திரி அனுமதி.

இடப்பக்கம் நின்று உன்னை ஏசுவேன். முதலில் நீ வலப்பக்கம் பார்த்துப் பதில் சொல்வாய். "கிறுகிப் பார் மச்சான், இஞ்சால நிக்கிறன்" என்பேன். திரும்பமாட்டாய். உன் மாமனாரை இழுத்து ஒரு சொல் சொன்னால் போதும், கழுத்து நரம்பு புடைக்க இடப்பக்கம் திரும்பி என்னைத் தேடுவாய். மருந்து மாத்திரையால் திரும்பாத கழுத்தை உன் கோபம் திருப்பியது.

பங்குனி பிறந்தது. கோடை விதைப்புக்குத் தண்ணீர் பங்கிடும் சிறுபோகக் கூட்டம் வரப்போகிறது. கூட்டத்தில் விதானை எழும்பி, வாய்க்கால் தொடங்குகிற மதகான துருசிலிருந்து அது முடிகிற வாவிக்கரை வரைக்கும் வாய்க்காலின் இரண்டு பக்கத்து வயல்காரர் பெயரையும் முறையாகச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால்தான் தண்ணீர். இருபத்திரண்டு பேரையும் நீ ஒரு தாளைப் பார்க்காமல் சொல்லுவாய். அதில்தான் உன் திமிர் முழுக்க இருந்தது. இந்த முறை ஊரில் கதை வேறு மாதிரி. விதானைக்கு மண்டை கழன்றுவிட்டது, இடக்கைப் பக்கத்து வயலெல்லாம் காயப்போகிறது, வேறு ஆளைப் போடுவோம் என்று ஓட்டமாவடிக் கடைத்தெரு வரைக்கும் பேசிக்கொண்டார்கள். அது உன் காதுக்கும் வந்தது. நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

"விதானை வேல போனாப் போகட்டும் மச்சான். மண்ட கழண்டவன் எண்டு ஒருத்தனும் சொல்லப்படாது."

சரி, பழகுவோம் என்றேன். துருசில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கீழே வா என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். பதின்மூன்று பேர். அத்தனை பேரும் வலப்பக்கத்து வயல்காரர். அதோடு நிறுத்தினாய்.

"அவ்வளவுதானா?"

"ஓம். வேற ஆர் இரிக்கா?"

"நான் இரிக்கன்."

"உனக்கு எங்கடா வயல்?"

முப்பது வருஷம் உன்னோடு தண்ணீருக்குச் சண்டை பிடித்த வயல் அது. மூன்று நாள் பழகினோம். மூன்று நாளும் பதின்மூன்றுதான். இடப்பக்கத்து ஒன்பது வயலும் உன் தலைக்குள் காய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாய். கேலிக்கும் திரும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அன்றுதான்.

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். தண்ணியும் வேண்டாம் துருசும் வேண்டாம், பின்னேரம் வாவிக்கரையில் குளித்துவிட்டு வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் வீட்டுக்கு வருவாயே, வழியில் யார் யாரை ஏசிக்கொண்டு வருவாய், அதையாவது சொல் என்றேன்.

நீ சுவரைப் பார்த்தபடியே தொடங்கினாய். வரம்பைத் தின்கிறவன் ஒருவன், மடையைக் களவாகத் திறக்கிறவன் ஒருவன், மாட்டைக் கட்டாதவன் ஒருவன் என்று ஆள் ஆளாக ஏசிக்கொண்டு வந்தாய். ஆறாவதாக என்னை ஏசினாய். ஒன்பதாவது ஆளோடு துருசுக்கு வந்து சேர்ந்தாய். நான் விரலை மடக்கி எண்ணினேன். ஒன்பது பேரும் இடப்பக்கத்து வயல்காரர். திரும்பி வரும்போது அவர்கள் உன் வலப்பக்கம் நிற்கிறார்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரையும் இந்தத் தரம் நீ சொல்லவில்லை.

நான் அடுத்த நாள் பஸ் பிடித்து டவுணுக்குப் போனேன். டாக்டர் பிள்ளை வேலை முடிந்து வெளியே வரும் வரைக்கும் வாசலில் நின்று கேட்டேன். பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது ஐயா என்றாள். ஞாபகத்தை வைத்திருக்கிற இடம் வேறு, அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கம் பார் என்று சொல்லித் திருப்புகிற இடம்தான் அடிபட்டது. வெளியே எப்படிப் பார்க்கவில்லையோ அப்படியே மனதுக்குள்ளும் இடப்பக்கம் பார்க்கவில்லை. இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

உன்னிடம் வந்து சொன்னபோது நீ சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அப்ப நான் ரெண்டு தரம் நடக்கோணும்" என்றாய். அவ்வளவுதான்.

கூட்டத்தன்று பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே இருந்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினாய். துருசிலிருந்து இறங்கு முகமாகப் பதின்மூன்று பேரையும் தெளிவாகச் சொல்லி நிறுத்தினாய். இடப்பக்கத்துக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முணுமுணுப்பு எழும்பியது. பெயர்களை எழுதிக்கொண்டிருந்த நீர்ப்பாசன அதிகாரி பேனையை வைத்தார். நீ பொல்லை இடம் மாற்றி ஊன்றி, கால் இழுபட இழுபட முழுதாகத் திரும்பினாய். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாய்.

"இப்ப நான் வாவிக்கரையில நிக்கிறன். கிறுகி வாறன்" என்றாய்.

ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஐந்தாவது பெயருக்குப் பிறகு ஏழாவதைச் சொன்னாய். எட்டு, ஒன்பது சொல்லி நிறுத்தினாய். ஆறாவது நான். மறுபடியும் காய்ந்துவிட்டதே, ஒரு ஆளால் எல்லாம் கெட்டதே, அந்த ஆள் நானாக இருக்கிறேனே என்று எழும்பப் போனேன்.

நீ சுவரைப் பார்த்தபடியே சொன்னாய்: "நடுவில ஒராள விட்டிற்றன். அவருக்குத் தண்ணி தேவையில்ல. நாலு நாள் என்ட மீனத் திண்ட கொழுப்பில விளையும்."

மண்டபம் சிரித்ததை வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருப்பார்கள். அதிகாரி பேனையை எடுத்து எழுதினார். நீதான் விதானை. அதன் பிறகும் இரண்டு சிறுபோகம் நீதான் முறை சொன்னாய். ஒவ்வொரு முறையும் பாதியில் திரும்பினாய், முதுகைக் காட்டினாய், என்னை ஏசினாய். போன மாரியில் ஒரு காலைப்பொழுதில் தேத்தண்ணி கேட்டுவிட்டு, அது வருவதற்கு முன்னே போய்விட்டாய்.

இந்த வருஷக் கூட்டம் நீ இல்லாமல் நடந்தது. புது விதானை உனக்குப் பாதி வயது. கண் நல்லம், கை கால் நல்லம், கையில் தாளும் வைத்திருந்தான். பதின்மூன்று பெயரை வாசித்தான். பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வாவிக்கரையிலிருந்து ஒன்பது பெயரை வாசித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வட்டையில் முறை சொல்வது அப்படித்தான் என்று ஆகிவிட்டது, மச்சான். உனக்கு வந்த நோய் ஊருக்கு வழக்கமாகிவிட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

ஏன் இப்படித் திரும்பிச் சொல்கிறீர்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒருவரிடம் கண்ணூறு நாவூறு படாமல் இருக்க என்றேன். வாழைச்சேனையிலிருந்து வந்த நெல் வியாபாரியிடம், வாவிக்கு முதுகு காட்டினால் அது கோபிக்கும் என்றேன். புதிதாக வந்த அதிகாரியிடம் இது அரசாங்கச் சட்டம் என்றேன், அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இந்த வருஷம் இடப்பக்கத்தில் வயல் வாங்கிய ஒருவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பாதி உலகம் தெரியாமல் போன ஒரு மனிசன், தான் திரும்பி நின்றால் மற்றப் பாதியும் தெரியும் என்று கண்டுகொண்டு, ஊருக்கு முன்னால் திரும்பி நின்ற கதை என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உங்கட பொய்யிலயே இதுதான் பெரிய பொய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நம்பாவிட்டால் போகட்டும். அவன் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.