நான் படிக்காமல் விட்ட வரி

அக்கா, இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, உன் காலில் விழுகிறேன், மாமாவிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுத மனம் வரவில்லை. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

நீ போனை எடுப்பதில்லை என்று நேற்று சாயங்காலம் அம்மா என்னை உட்காரவைத்து உனக்குக் கடிதம் எழுதவைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவள் வாய், என் கை. அதே உறைக்குள்தான் இதையும் செருகுகிறேன், காலையில் தபாலில் போய்விடும். அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கவில்லை. வயித்துப் புள்ளைக்கு விஷம் ஊட்டுற பாவி என்றாள். ரெண்டு பெத்தேன், ஒரு மாத்திரை முழுங்கினேனா, உனக்கு மட்டும் என்னடி மனச்சோர்வு, சொகுசு கூடிப்போச்சு என்றாள். நாளைக்குப் பாலுக்கு அழும்போது அந்த மருந்தையா குடுக்கப் போற என்றாள். எல்லாத்தையும் சாக்கடையில கொட்டு, இல்லேன்னா நானே வந்து கொட்டுவேன் என்றாள். திட்டி முடித்த அதே மூச்சில் மகராசியா இரு என்று ஆசீர்வாதமும் எழுதச் சொன்னாள். பேனாவை அவள் மேல் எறிய வேண்டும் போல இருந்தது. ரெண்டு பெத்தாளாம்! என்னைப் பெற்றுப் போட்டுவிட்டு நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் யார்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு எனக்குப் புட்டிப்பால் கொடுத்தவள் நீ. சித்தி சொல்லித்தான் தெரியும். அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் இதை ஆரம்பித்துவைத்ததே நான்தான் அக்கா. போன மாதம் வந்தபோது நீ குளியலறை அலமாரியில் விட்டுப்போன மாத்திரைப் பெட்டியை அம்மா கொண்டுவந்து, உள்ளே மடித்திருந்த தாளைப் படிக்கச் சொன்னாள். கர்ப்பிணிகள் என்ற இடத்தில், குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்று படித்தேன். அவ்வளவுதான், தலையில் அடித்துக்கொண்டாள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதை நான் படிக்கவில்லை. அவள் கேட்கும் நிலையில் இல்லை என்று சொன்னால் அது பொய். என்னை இவளிடம் தனியாக விட்டுவிட்டுப் போனாயே, அந்தக் கோபம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று பள்ளி விட்டதும் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். யாருக்கும்மா, உனக்கா என்று மேலும் கீழும் பார்த்தார், மானம் போயிற்று. எல்லா மாத்திரையும் ஒண்ணு கிடையாது, புள்ள வயித்துல இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் சிலதைத் தொடரலாம், சிலதை மாத்துவாங்க, அதை டாக்டர்தான் சொல்லணும், உங்க அம்மாவும் இல்ல நானும் இல்ல என்றார். திடீர்னு விட்டா பழைய வியாதி திரும்பி வந்து தாயையும் புள்ளையையும் சேர்த்துப் படுத்தும் என்றார்.

போனை எடுக்காவிட்டாலும் அம்மா எழுதிவிட்டால் நீ அவள் சொல்லைத் தட்டமாட்டாய், அதுதான் பயம். கொட்டாதே. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் போ, என்மேல் கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள். விட்ட வரியை நாளை அம்மா முகத்துக்கு நேரே படிக்கப்போகிறேன், அடித்தால் அடிக்கட்டும். அந்தத் தாள் என் கணக்கு நோட்டுக்குள்தான்

அம்மா கதவைத் தட்டுகிறாள். விளக்கைப் போட்டுக்கிட்டு என்னடி கிறுக்குற என்கிறாள். காலைவரை பொறுக்க முடியாது அக்கா. அந்த மாத்திரைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கப்போகிறேன்.