சிவப்பாக இல்லாத மருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். போனில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நூலகத்தில் புத்தகக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் வீணாய்ப் போனது உனக்குத் தெரியும். தசைக் காயத்தை ஆற்றும் என்று சொல்லி விற்கிற பெப்டைடு ஊசி போட்டால் இரண்டே மாதத்தில் சரியாகும் என்றார் ஜிம் மாஸ்டர். இணையத்தில் வரவழைத்த பொடியைக் கரைத்து நானே வயிற்றில் குத்திக்கொண்டேன். குப்பியில் ஓர் எண்ணும், ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற வரியும்தான். அடிக்குறிப்பு வரை படிக்கிறவள், அதை மட்டும் படிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

அப்பா பார்க்கக் கூடாதென்று, அவருடைய பி12 வைட்டமின் ஊசி மருந்து தீர்ந்த அட்டைப்பெட்டிக்குள் குப்பியை ஒளித்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். புதுப் பெட்டி மேல்தட்டில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கைக்கு எட்டிய அந்தப் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள கிளினிக் போய்விட்டார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர்.

நர்ஸம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பி12 செவப்பா இருக்கும், இது பச்சத்தண்ணி மாதிரி இருக்கே ஐயா” என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டாராம். எனக்குப் போன் வந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. “புக்குக்கெல்லாம் நம்பர் போட்டு அடுக்குறே, மருந்துக்கு லேபிள் பாக்க மாட்டியா?” என்று நர்ஸம்மா என்னைக் கேட்டார். அப்பா குறுக்கிட்டு, “கண்ணாடி போடாம வந்தது என் தப்பும்மா, அவள விடுங்க” என்றார்.

உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்கே தெரியாது என்று டாக்டர் குப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். என் ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. தோளுக்கு உடற்பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் அப்பா, “ரொம்ப வலிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை, இன்றுவரை.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் அப்பாவைக் கொஞ்சம் அதிக நேரம் பேசவை அக்கா. எதைப் பற்றியாவது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் உன் அன்பை நம்பியிருக்கும்,
தங்கை