கொக்கிக் குறி

ஆடி, சனி இரவு.

கோட்டையில் இன்று மேளம் பழகும்போது என் மானம் போயிற்று. ஒல்லாந்தர் எழுதிக் கொடுத்த மேளத் தாளில் கொக்கி மாதிரி ஒரு குறி வந்தால், அந்த ஓர் அடியை அடிக்காமல் சும்மா இருக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் வலை இழுக்கும்போது அந்த இடத்தில்தான் நாங்கள் 'ஏலோ' என்று கத்துவோம். தாளம் தட்டும் கால் அங்கே சரியாகத்தான் நின்றது. கை பழக்கத்தில் அடித்துவிட்டது.

கூட அடிக்கும் சவரி, "இன்னாடா, இங்கியும் வலை இழுக்கிறியா?" என்றான். வாசலில் பாரா நின்ற சிப்பாய்கூடச் சிரித்தான்.

சவரி மட்டும் எப்படித் தப்பாக அடிக்கவில்லை? அப்புறம் கவனித்தேன். அவன் தாளைப் பார்ப்பதேயில்லை. என் கால் தட்டுவதைப் பார்த்துத்தான் அடிக்கிறான்.

நாளைக்குப் பெரிய துரை முன்னால் வாசிக்கிறோம். கொக்கி வரும் இடத்தில் என் கால் ஓங்கித் தட்டும். கை அசையாது.

வலையை அவனே இழுக்கட்டும்.