மணம் உண்டு

இன்று காலை கதிரவெளியிலிருந்து நம் கம்பனிக்கு வந்த இறால் பெட்டி ஒன்றைத் திறந்தேன். ஐஸை ஒதுக்கி, ஓர் இறாலை எடுத்துத் தலையைத் திருகி மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு மணம் வந்தது. கெட்டுப்போன வெடில் இல்லை, வாவிச் சேற்று மணமும் இல்லை. இன்னதென்று சொல்ல வாய்க்கு ஒரு சொல்லும் வரவில்லை. உனக்குப் போன் எடுத்துக் கேட்போம் என்று கையுறையைக் கழற்றி அங்கிப் பைக்குள் கையை விட்ட பிறகுதான் நினைவு வந்தது. போன மாரியோடு நீ போய்விட்டாய்.

நிமிர்ந்து பார்த்தால், உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். செங்கலடிப் பிள்ளை, வந்தாறுமூலைக் கம்பசில் படித்தவள், கெட்டிக்காரி. அவள் கையிலும் ஓர் இறால்.

"மிஸ், எனக்கும் நல்லதாத்தான் இரிக்கு" என்றாள்.

நான் அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த 'எனக்கும்'? அந்த ஒரு சொல்தான் என்னை இந்த மடலை எழுத வைத்திருக்கிறது.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். ஐயமான பெட்டியென்றால் இரண்டு பேர் மணக்க வேண்டும். தனித்தனியாக மணக்க வேண்டும், பேசக்கூடாது. இருவரும் முடிவைச் சொன்ன பிறகுதான் ஒப்பிட வேண்டும். கடலுணவை மணந்து பரிசோதிக்கிறவர்களை உலகம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிற நம் சங்கத்தின் ஒழுங்கு அது. அந்தச் சங்கத்தின் அட்டையை நீ சிலுவை கோர்த்த அதே கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தாய். "ரெண்டும் என்னை நேரா வச்சிரிக்கிற சாமான்தானே கா" என்பாய். மணக்கும்போது நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். உன் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். அது உனக்கே தெரியும்.

நம்மைச் சங்கத்துக்குத் தெரிய வைத்ததே ஒரு கோளாறுதானே. நல்ல இறால் பெட்டிக்கு நீ 'மணம் உண்டு' என்று எழுதினாய். கடல் மணம் குறையாமல் அப்படியே இருக்கிறது என்பது உன் கருத்து. நம் பக்கத்தில் மணம் என்றால் நல்லது, கெட்டதற்கு வெடில் என்று தனிச்சொல் இருக்கிறது. கொழும்பில் அதை ஆங்கிலமாக்கியவர் நாற்றம் இருப்பதாக எழுதிவிட்டார். சங்கத்தின் பாஷையில் மணம் உண்டு என்றாலே பழுது என்றுதான் பொருளாம். சரக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில் மறிபட்டு நின்றது.

அடுத்த முறை சங்கத்தின் கூட்டம் திரையில் நடந்தபோது நீ கையை உயர்த்தினாய். உன் ஆங்கிலம் பாதி, கையசைவு பாதி. மணமே இல்லாத இறாலைத்தான் நாங்கள் சந்தேகிப்போம், தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவியிருப்பார்கள் என்று சொன்னாய். குளிர் நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒலியை நிறுத்திவைத்துவிட்டுச் சிரித்தார்கள். கேலியாக அல்ல. அன்றே உன்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். நம் மீனவர்கள் மணங்களுக்குச் சொல்லும் சொற்களைத் திரட்டித் தர வேண்டும். நீ என்னவோ பட்டம் வாங்கியவள் மாதிரி அன்று பகல் முழுக்க சொல் கேட்டு பாக்கிங் பெண்களை விரட்டிக்கொண்டு திரிந்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான். எனக்கும் வந்தது, மணம் தெரியாமல் போன என் மூக்கு இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. உன்னுடையது வரவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று நீ அதை என்னிடம் சொல்லவில்லை. ஐயமான பெட்டி ஒன்று வந்தது. நான் மணந்தேன். நீயும் இறாலை மூக்கருகே வைத்தாய். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாய்.

நான் நல்லது என்றேன், நீயும் நல்லது என்றாய். பெட்டிகள் லொறிக்குப் போயின.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே நீ மனேஜர் அறைக்குப் போய்விட்டாய். நானும் பின்னால் வந்தேன்.

"சேர், காலையில பாத்தது செல்லாது. எனக்கு மூக்கு இல்ல. ஐஸிட குளிர் மட்டும்தான் வருது."

"மிஸ், மற்ற மிஸ்ஸும் நல்லது எண்டுதானே சொன்னவ. ரெண்டும் ஒண்டுதானே."

"ரெண்டு பேர் எண்டாத்தான் ரெண்டு, சேர். இது ஒராள்."

லொறியை நிறுத்தி இறக்கினார்கள். வேறு ஆளை வரவழைத்து மணந்து பார்ப்பதற்குள் சரக்கின் தரம் இறங்கி, வெளிநாட்டுக்குப் போக வேண்டியது உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. பாக்கிங் பெண்களுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. வாசலில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நீ காதில் விழாதது மாதிரி நடந்தாய்.

எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. நீ போன பிறகும் ஆறவில்லை. அது நல்ல இறால் கா. என் மூக்கு சரியாகத்தான் சொன்னது. உன் நேர்மைக்கு என் மூக்கைப் பலி கொடுத்தாய் என்று அன்று பஸ்ஸில் உன்னோடு சண்டை பிடித்தேன். "உன்ட மூக்கு சரிதான். நான்தான் உன்ட முகத்தை மணந்தனான்" என்றாய்.

மணக்கிறவர்கள் வரிசையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி நீயே சங்கத்துக்கு எழுதினாய். எடுத்துவிட்டு, உறுப்பினராக இரு, அந்தச் சொற்களை முடித்துக் கொடு என்றார்கள். தினமும் காலையில் எனக்குப் போன் எடுக்க ஆரம்பித்தாய். "சொல்லு கா, இண்டைக்கு வாவி என்ன மணக்குது?" என்பாய். நான் பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலோரம் மூக்கை நீட்டிக்கொண்டு சொல்லுவேன். சேறு, பாசி, பழைய வலை, மழைக்கு முந்திய காற்று. சும்மா ஏதாவது சொல்லிவிட முடியாது. "பாசி எண்டா பச்சையா, அழுகலா?" என்று குறுக்கே கேட்பாய். உனக்காக மணந்து மணந்துதான் என் மூக்கு கூர்மையானது. மூக்கில்லாத ஒருத்தி வாவியின் மணங்களை எழுதி முடித்தாள் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

வீட்டில் பட்ட பாட்டை மட்டும் விட்டு விட்டுத்தான் சொன்னாய். சோறு அடிப்பிடித்துப் புகைந்தது தெரியவில்லை. மாதா கோயிலில் சாம்பிராணிப் புகை வெறும் புகையாக இருந்தது. ஒரு நாள் போனில் சிரித்துக்கொண்டே கேட்டாய்.

"என்ட மணமே எனக்குத் தெரியாது கா. வெடில் அடிச்சா நீ சொல்லுவியா?"

"ஊருக்கே கேக்கிறமாதிரிச் சொல்லுவன்" என்றேன்.

சீனி வியாதிக்காரி நீ. சப்பாத்துக்குள் கால் புண்பட்டு, அது பழுதாகிக்கொண்டு போனதை உன் மூக்கு உனக்குச் சொல்லவில்லை. வலியும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது உன் கணவர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தபோது காலை எடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அது உனக்கும் தெரியும். உன் கணவர் வெளியே மருந்துக்குப் போயிருந்தார். நீ போர்வையை விலக்கினாய்.

"இஞ்ச வா கா. மணந்து சொல்லு. ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லுறாங்க இல்ல."

குனிந்தேன். இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் பெட்டிகளுக்குக் குனிந்திருக்கிறேன், அப்படிக் குனிந்ததில்லை. நிமிரும்போது நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் பச்சைப் பெயின்ற் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மணம் உண்டு."

நம் பாஷையிலா, சங்கத்தின் பாஷையிலா என்று நீ கேட்கவில்லை. "ஓம் கா. சுவரைப் பாத்துத்தான் சொல்லோணும்" என்றாய். போர்வையை நீயே இழுத்து மூடினாய். காலை எடுத்தும் நீ பிழைக்கவில்லை.

நீ அதை எப்படி விளங்கிக்கொண்டாய்? எனக்குத் தெரியாது. நான் சொன்னது உண்மையா பொய்யா என்பதே எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, திடீரென்று அந்த வாட்டுக்குள் போய்விடுகிறேன். உன்னை ஏமாற்றினேனா? இல்லை, உனக்கு மட்டும் விளங்கக்கூடிய விதத்தில் உண்மையைத்தான் சொன்னேனா?

இன்று காலை என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் 'எனக்கும்' காதில் விழுந்ததும் இறாலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மனேஜரிடம் போனேன். இன்றைய முடிவு செல்லாது, வேறு ஆள் வரவேண்டும் என்றேன். உன் காலத்து மனேஜர்தான். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பாக்கிங் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒருத்தி எனக்குக் கேட்கும்படியாகவே, "பழைய மிஸ்ஸிட பேய் இவவையும் புடிச்சிட்டு" என்றாள்.

அந்தச் செங்கலடிப் பிள்ளை அழுதாள். "நான் பிழையா ஒண்டும் சொல்லல்லையே மிஸ்" என்றாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அது நல்ல இறாலாகத்தான் இருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. நாளைக்கு அந்தப் பெண்கள் அடுப்பில் எதை வைப்பார்கள் என்று நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நீ அன்று வாசலால் எப்படித் தலை நிமிர்ந்து நடந்தாய் கா? எனக்கு முடியவில்லை. பின்வாசலால் வந்தேன்.

பஸ்ஸில் பாலத்தைக் கடந்தபோது மூக்கு தானாக யன்னலுக்குப் போனது. பச்சைப் பாசி. அழுகல் இல்லை. தூரத்தில் எங்கோ மழை. சொல்லிவிட்டேன், உதடு அசையாமல், உன்னிடம். பக்கத்தில் இருந்தவர் பார்த்ததால் முகத்தை யன்னல் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டேன்.