ஆணியில் தொங்கிய தகரக் குவளை

க்ராடக் அருகே
ஆகஸ்ட் 1996

அன்பு மகள் தெம்பேக்காவுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, லண்டன் குளிரில் நீயும் குறையில்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, பாதிரியாருக்கு ஒன்றும் ஆகவில்லை, இது என் கை. பதினேழு வருடமாக நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், இனி நானே. இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது, ஆனாலும் சிரிப்பு தாங்கவில்லை.

மழை இல்லை. சிவப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. தேவாலயக் கூடத்தில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு வகுப்பு, ஃபெசேகா என்ற சின்னப் பெண்தான் டீச்சர். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். நான் கோட்டுப் பையிலிருந்து என் தகரக் குவளையை எடுத்து நீட்டிவிட்டேன். வெள்ளைக்கார முதலாளி வீட்டுப் பின்கதவு ஆணியில் நாற்பது வருடம் எனக்கென்று தொங்கியதே, அதுதான், வேலையை விட்டபோது கூடவே வந்துவிட்டது. மாட்லோமோ கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள், என்ன சோலிலே, நமக்கும் முதல் முதலா ஓட்டுக் கிடைச்சு போடப் போனப்பவும் இதைத்தான் பெட்டிக்குள்ள போட்டியா என்று கேட்டாள். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, இங்க யாரு வாயும் யாரு வாய்க்கும் கம்மியில்ல தாத்தா, கோப்பையிலயே குடிங்க என்றாள். குடித்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

எட்டு வயதில் நீ முதலாளி வீட்டுச் சமையலறையில் அவர்கள் மகளின் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குடித்தாய். முதலாளியம்மாள் பார்க்க உன்னை அறைந்தேன். தம்ளரைக் குப்பையில் போடு என்றாள், போட்டேன். நான் அழுக்காப்பா, நான் அழுக்காப்பா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாய். வேலை போய்விடுமென்று அடித்ததாக எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பாதிப் பொய். நீ வாய் வைத்ததால் தம்ளர் அழுக்காகிவிட்டது என்று அன்று நானும் நம்பினேன் மகளே. இதைப் பாதிரியாரிடம் எப்படிச் சொல்லி எழுத வைப்பது. இதற்காகத்தான் எழுத்துப் படித்தேன். பின்வாசல்லயே நிக்கிற அப்பாவைப் பார்க்க வரமாட்டேன் என்று பத்தொன்பது வயதில் சொல்லிவிட்டுப் போனாய், நீ சொன்னது சரி. உன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு அந்த எட்டு வயது முகம்தான் வருகிறது.

தகரக் குவளை இப்போது கோழிகளுக்கு. சேவலும் குஞ்சும் ஒன்றாகத்தான் குடிக்கின்றன. கடையில் ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றே ஒன்று, இன்னும் யாரும் வாய் வைக்கவில்லை. நீ வந்து முதலில் குடித்துவிட்டுக் கொடு, மீதியை நான் குடிக்கிறேன்.

நம் முன்னோர் உன் கூடவே நடக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. வரும் தேதியை மறக்காமல் எழுது, பெரிய எழுத்தாக எழுது, நானே படிக்க வேண்டும்.

தன் கையாலேயே எழுதிய உன் அப்பா,
சோலிலே