செம்பருத்தி எந்தப் பக்கம் சுழன்றது?

என் தீபன் மச்சானுக்கு,

மண்ணுலகத்தாருக்கும் மேலுலகத்தாருக்கும் இதனால் பணிவுடன் அறிவிக்கப்படுவது: இன்று காலை உங்கள் வீட்டு வேலியோரச் செம்பருத்தி இடப்பக்கம் சுழன்று பூத்தது. அங்கே கொடியை அரைக்கம்பத்தில் இறக்க வேண்டாம். தோற்றவன் நான்தான். எதிரே விளையாடியது உன் அம்மா. இதற்குப் பின்னால் ஒரு மாபெரும் மூளை வேலை செய்தது. அடக்கத்தால் பெயர் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதுதான்.

அங்கே நம் ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். செம்பருத்திக்கு ஐந்து இதழ். ஒவ்வொன்றும் ஒரு தோளைப் பக்கத்து இதழின் மேலே போட்டு, மறுதோளை அடுத்ததன் கீழே கொடுத்து நிற்கும். முகத்துக்கு நேராகப் பார்த்தால் காற்றாடி மாதிரி இடமாகவோ வலமாகவோ சுழன்றிருக்கும். ஒரே செடியில் இரண்டும் பூக்கும். மாலையில் மொட்டைக் காட்டிப் பந்தயம், காலையில் பஸ் வருமுன் தீர்ப்பு. தோற்றவன் ஜெயித்தவனின் பையையும் தூக்க வேண்டும். மொட்டை உற்றுப் பார்ப்பது குற்றம். நீ எப்போதும் வலம்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் கண்ணை மூடினால் மொட்டுக்குள் போய்விடுகிறேன். கடுகைவிடச் சின்ன மேடை. முதலில் ஐந்து பச்சை மேடுகள் வட்டமாக எழுகின்றன. அவற்றின் சந்துகளுக்கு நேராக ஐந்து இதழ்கள் வந்து நிற்கின்றன. யாரும் யாரையும் மறைப்பதில்லை. அதற்கும் உள்ளே மகரந்தத் தாள்கள் ஒட்டி ஒரு குழலாகின்றன, குழலுக்குள் சூல்தண்டு. நம் பள்ளி அசெம்பிளி மாதிரிதான், ஆனால் கத்துவதற்குப் பிரிஃபெக்ட் இல்லை. இத்தனை இதழ் இருந்தும் ஒன்றுகூட வாய் திறப்பதில்லை. எல்லாருக்கும் நிற்கும் இடம் முன்பே முடிவாகியிருக்கிறது. எந்தத் தோள் மேலே என்பதை மட்டும் யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதை மட்டும் ஏன் விட்டார்கள், மச்சான்? அங்கே யாரிடமாவது கேட்டுப் பாரேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அம்மா அந்தச் செடிப் பக்கம் வருவதே இல்லை. சாமி விளக்குக்கும் பூ வைப்பதில்லை. பூக்கள் மாலையில் சுருண்டு, பறிப்பாரின்றி விழுந்தன. நேற்று பக்கத்து வீட்டு மலாய் மாமா பாக்சிக்கிடம் பாராங் கத்தி இரவல் வாங்கிவிட்டார், செடியை வெட்ட.

நான் ஓடிப்போய் வேலிக்கு வெளியே பதுங்கினேன். அம்மா உன் பக்கம்தான் சொல்வார் என்று கணக்குப் போட்டு, வலம் சுழலும் மொட்டாக ஒன்றைத் தேடிப் பிடித்தேன். குற்றம்தான். பிறகு நல்லபிள்ளையாக வாசல் வழியே உள்ளே போனேன்.

“ஆன்ட்டி, இந்த மொட்டுதான், ஒரே ஒரு தடவை. நீங்க தோத்தா நானே வெட்டித் தாரேன். ஜெயிச்சா செடி இருக்கட்டும்லா. இடமா, வலமா?”

அம்மா கத்தியைக் கீழே வைக்காமல் அந்த மொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வலம் அவனோடது,” என்றார். “எனக்கு இடம்.”

நான் தேடிப் பிடித்து வைத்ததோ வலம்.

காலையில் சுண்ணாம்பு மலை பாதி பனிக்குள் இருந்தது. பழைய ரப்பர் தோட்டத்து மண்ணில் எழுந்த நம் தாமான் குடியிருப்பே மொட்டுக்குள் இருப்பதுபோல் இருந்தது. பூ விரிந்திருந்தது. இடம். அம்மா இதழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பறித்து விளக்கடியில் வைத்தார். வெளியே வந்து சாப்பாட்டுப் பையை என்னிடம் நீட்டினார்.

“தோத்தவன்தானே தூக்கணும்?”

அம்மாவை வேலைக்கு ஏற்றிப்போகும் ஃபேக்டரி வேன் வரும்வரை தூக்கிக்கொண்டு நின்றேன்.

பள்ளியில் எல்லாம் என் திட்டம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மை. நான் பதுங்கியது செடிக்குப் பின்னால், மொட்டைப் பார்த்தது காம்புப் பக்கத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும் என்பது இந்த மூளைக்கு உறைக்கவில்லை. நான் நினைத்தபடி அம்மா வலம் சொல்லியிருந்தால், உன் செடியை இன்று என் கையாலேயே வெட்டியிருப்பேன்.

நாளை முதல் எட்டிப் பார்க்கமாட்டேன். வலத்தை உன் பேரிலேயே அம்மாவோடு விளையாடுவேன், நீ தோற்கும் நாளெல்லாம் உனக்கும் சேர்த்துப் பை தூக்குவேன். சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் இடம் வலம் தெரியாத
உன் மச்சான் சரண்