ஒன்பது லட்சத்துக்கு ஓவியம்

மார்ச் 4, செவ்வாய்
அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பேர்பெற்ற தனியார் கல்லூரியில் இரண்டு வருட முதுகலை ஓவியம். கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் கதவருகிலேயே நின்றாள், மார்க் ஷீட்டைக் காட்ட வந்த பிள்ளை மாதிரி. முப்பத்தாறு வயதில் என் மனைவிக்கு இப்படி ஒரு வெட்கமா! கட்டணம் ஒன்பது லட்சம் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

மார்ச் 6, வியாழன்
"படிச்சு முடிச்சா சம்பளம் ஏறுமா?" என்று கேட்டேன்.
"இறங்கும்" என்றாள்.
இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் கணக்குப் போட்டோம். மருந்து கம்பெனியில் அட்டைப்பெட்டி வடிவமைக்கிற வேலையை அவள் விட வேண்டும். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற என் ஒரு சம்பளம்தான். வீடு வாங்கவென்று சேர்த்தது ஆறு லட்சம். மீதிக்குக் கடன்.

மார்ச் 9, ஞாயிறு
"பொழுதுபோக்குக்கு ஒன்பது லட்சமா?" — சொல்லிட்டேன். ஏன்டா சொன்னே? வாயைத் தைக்கணும். அவ சண்டைகூடப் போடல. கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கிட்டு நின்னா.

மார்ச் 10
மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். சரியாகவில்லை.

மார்ச் 14, வெள்ளி
பழைய ரசீது தேடப் போய் அவளுடைய வரைதாள் கட்டு கையில் சிக்கியது. பாதிக்கு மேல் நான்தான். தூங்கும் நான், ஷூ மாட்டும் நான். எல்லாவற்றிலும் என் வலது தோள் சற்று இறங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம். பதினோரு வருடம் டூல் பையைச் சுமந்த தோள். எனக்கே தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
"வீடு அப்புறம் வாங்கலாம். நீ போய்ப் படி" என்றேன். அழுதுவிட்டாள்.

மார்ச் 22, சனி
"படிக்கிறேங்க. ஆனா அங்க இல்ல" என்கிறாள். அங்கே படித்த நாலு பேருக்குப் போன் போட்டாளாம். மூன்று பேர் இன்னும் கடன் கட்டுகிறார்கள். ஒருத்தி பிரஷ்ஷைத் தொட்டே ஆறு வருடமாம்.
அரசுக் கல்லூரியில் மாலை வகுப்பு. மூன்று வருடம், ஒன்றரை லட்சம். வேலையையும் விட வேண்டாம். "பேரு பெருசில்ல. ஆனா அங்க இருக்கிற பேராசிரியர் அம்மா என் படங்களை ஒரு மணி நேரம் பார்த்தாங்க."
"பணத்துக்குப் பயந்துட்டியா?"
"பயந்துதான். வரையும்போது மாசத் தவணை ஞாபகம் வரக்கூடாதுல்ல?"

செப்டம்பர் 6, சனி
முதல் வார வகுப்பு முடிந்தது. கையெல்லாம் நீலம், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். மெல்லவும் மறந்து பேசிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வாய் ஊட்டுவதற்குள் சாப்பாடு ஆறிப்போனது.
ஆறட்டும்.